தோற்றவர் பெயரில் ஒரு காப்பியம்: பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக இலக்கிய வரலாறு எழுதுவோருக்கும், ஒப்பிலக்கியப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், மொழிபெயர்ப்பு வரிசைகளைத் திட்டமிடும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் காலூன்றிய முதல் நூற்றாண்டின் காப்பியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'லா அரௌகானா' தப்பாமல் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். "ஸ்பானியர் சிலியை வென்ற கதை, ஆசிரியர் அலோன்சோ தே எர்சில்யா, காலம் 1569" என்பதோடு குறிப்பு முடிந்துவிடும். இந்த ஒரு வரியில் ஆசிரியர் பெயர் சரி. காலம் மூன்றில் ஒரு பங்கு சரி. "வென்ற" என்பதுதான் சிக்கல். இந்தக் காப்பியத்தைத் தமிழில் கற்பிக்கவோ மொழிபெயர்க்கவோ முனைகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள், எப்படித் தவிர்க்கலாம் என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் காலம். நூல் மூன்று தவணையாக அச்சேறியது. 1569இல் 15 படலம். 1578இல் 16 முதல் 29 வரை. 1589இல் மூன்றாம் பாகம். இன்றைய பதிப்புகளில் மொத்தம் 37 படலம், ஏறத்தாழ 2,600 செய்யுள், 21,000 வரிக்கு மேல். இடைப்பட்ட இருபது ஆண்டில் பாடுகிறவனே மாறிவிட்டான். எல்லாவற்றையும் 1569 என்ற ஒற்றை ஆண்டில் அடைத்தால், முதல் பாகத்தின் குரல்தான் நூல் முழுக்கக் கேட்கிறது என்று மாணவர் நம்பிவிடுவார். இன்னொன்றும் உண்டு. இரண்டாம் பாகத்தின் கடைசிப் படலத்தில் துகாபெல், ரெங்கோ என்ற இரு அரௌகோ நாட்டு வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சண்டை முடியவில்லை, பாகம் முடிந்துவிடுகிறது. மீதி 30ஆம் படலத்தில், அதாவது பதினோரு ஆண்டு கழித்து! மூன்று பாகமும் ஒரே அட்டைக்குள் கிடைக்கும் நமக்கு இது பக்கத்தைப் புரட்டும் நேரம்தான். அன்றைய வாசகர் பட்ட பாடு வேறு.

"கண்ணால் கண்டவன் எழுதிய காப்பியம்" என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழுகிறது. பாதி உண்மை. சிலியைப் பிடிக்கப் போன பேத்ரோ தே வால்திவியா துகாபெல் கோட்டைக்கருகே மாண்டது 1553 டிசம்பரில். அவனிடம் குதிரைக்காரனாக இருந்து, எதிரணியான தன் அரௌகோ மக்களிடமே திரும்பி, ஸ்பானியரின் போர்முறையை அவர்கள்மீதே திருப்பிய லௌத்தாரோ 1557இல் விழுந்தான். எர்சில்யா சிலியில் இறங்கியதே அந்த 1557இல், புதிய ஆளுநர் கார்சியா உர்த்தாதோ தே மெந்தோசாவின் படையோடு. அப்போது அவருக்கு வயது 23. ஆக, முதல் பாகம் பெரும்பாலும் கேள்விப்பட்டது. இரண்டாம் பாகத்தில்தான் "நான்" என்று ஒருவன் போர்க்களத்துக்குள் நடந்து வருகிறான். அந்த மாற்றத்தைக் காட்டாமல் கற்பித்தால் காப்பியத்தின் பாதிச் சுவை போய்விடும்.

முன்னுரையில் எர்சில்யா சொல்லும் ஒரு செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். போர்க்களத்தில் தாள் கிடைக்காமல் பலமுறை தோலில் எழுதினாராம். கிழிந்த கடிதத் துண்டுகளிலும் எழுதினாராம். சில துண்டில் ஆறு வரிகூடச் சரியாகப் பிடிக்காது. பிற்பாடு எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது என்கிறார். அவர் கையாண்ட செய்யுளுக்கு எட்டு வரி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒரு துண்டுத்தாளில் ஒரு செய்யுள்கூட முழுசாக அடங்கியிருக்காது.

அடுத்தது, தலைவன். பெருங்காப்பியம் "தன்னிகர் இல்லாத் தலைவனை உடைத்தாய்" இருக்க வேண்டும் என்று தண்டியலங்காரம் சொன்னதை மனப்பாடம் செய்த நாம், எந்தக் காப்பியத்தைக் கண்டாலும் "தலைவன் யார்?" என்று கேட்டுவிடுகிறோம். இங்கே அந்தக் கேள்வி செல்லாது. வால்திவியா மூன்றாம் படலத்திலேயே போய்ச் சேர்கிறான். அதுவும் பேராசைக்காரன் என்ற பெயரோடு. லௌத்தாரோ 14ஆம் படலத்தில் விழுகிறான். கௌபோலிகான் இரண்டாம் படலத்தில் அரௌகோ படைக்குத் தலைவனாகி 34இல் சாகிறான், ஆனால் இடையில் பல படலங்களில் ஆளையே காணோம். முறைப்படி தலைவனாக இருந்திருக்க வேண்டிய ஆளுநர் கார்சியா அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து போகிறார். வினாத்தாளில் அந்தக் கேள்வியை வைத்தால் நான்கு விடை வரும், நான்கும் தவறு.

தண்டியைவிடப் பரணி இலக்கணம் இங்கே கைகொடுக்கும். பரணி தோற்றவர் பெயரால் வழங்கும். வென்றது சோழன், நூலின் பெயர் கலிங்கத்துப் பரணி. எர்சில்யாவும் அதையே செய்கிறார். பாடியவர் ஸ்பானியர், காணிக்கை இரண்டாம் பிலிப் மன்னருக்கு, பெயரோ ஸ்பானியரை எதிர்த்து நின்ற தென்சிலியின் அரௌகோ நாட்டின் பெயர். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுந்தவை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வழியே இல்லை. ஆனால் எதிரியை உயர்த்தினால் வென்றவன் தானே உயர்வான் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். எர்சில்யா அதை ஒளிக்கவும் இல்லை. இரண்டாவது செய்யுளின் முடிப்பு இரட்டையில், அதாவது கடைசி இரண்டு வரியில், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அதைத் தமிழில் இப்படிக் கட்டிப் பார்த்தோம்:

தோற்றவர் பெற்ற தொல்புகழ் அளவே
ஏற்றம் வென்றவர் எய்தும் அளவே.

எதுகை நின்றது, மோனை நின்றது, அடியிறுதி இயைபும் நின்றது. ஆனால் "தொல்" என்ற சொல் மூலத்தில் இல்லை. "தோற்றவர்" என்பதற்கு மோனை தேடப்போய் உள்ளே நுழைந்த ஒட்டு அது. இரண்டு வரியில் ஒரு ஒட்டு என்றால் 2,600 செய்யுளில் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செய்யுளாக மொழிபெயர்க்கக் கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் தரும் எச்சரிக்கை இதுதான்.

இந்த இரட்டையை மறந்தால் எதிர்ப்பக்கமாக இன்னொரு பிழை வரும். "எர்சில்யா பூர்வகுடிகளின் தோழர், போருக்கு எதிராகப் பாடியவர்" என்று எழுதிவிடுவோம். அவர் வாளெடுத்துச் சண்டை போட்டவர். லகுனில்யாஸ், மில்யராப்புவே போர்களில் இருந்தவர். அவரது புகழ்ச்சியில் கணக்கு உண்டு. ஆனால் கணக்கை மீறிப்போகும் இடங்களும் உண்டு, அவற்றில்தான் காப்பியம் உயிரோடிருக்கிறது. 22ஆம் படலத்தில் கல்வரினோ என்ற கைதியின் ஒரு கையை வெட்டுகிறார்கள். அவன் மறு கையையும் தானே நீட்டுகிறான், அதன்பின் கழுத்தையும் வைக்கிறான். 20, 21ஆம் படலங்களில், இரவுக் காவலில் நிற்கும் எர்சில்யா பிணக்குவியலுக்குள் ஏதோ அசைவதைப் பார்க்கிறார். தெகுவால்தா என்ற பெண், கணவன் உடலைத் தேடி வந்திருக்கிறாள். விடிந்ததும் உடலை எடுத்துப்போக விடுகிறார். 33இல் கௌபோலிகான் உயிரோடு பிடிபட்டதைக் கண்ட மனைவி ஃப்ரேசியா, "இழிந்த தந்தைக்குப் பிறந்த இழிந்த மகனுக்குத் தாய் என்ற பெயர் எனக்கு வேண்டாம்" என்று கைக்குழந்தையை அவன் காலடியில் எறிந்துவிட்டுப் போகிறாள்.

34ஆம் படலத்தில் கௌபோலிகானைக் கழுவில் ஏற்றுகிறார்கள். அந்த இடத்தில் எர்சில்யா கதையை நிறுத்திவிட்டு நம்மிடம் திரும்பி, தாம் அப்போது அங்கே இல்லை என்கிறார். "நான் அப்போது அங்கே இருந்திருந்தால் அந்தக் கொடுந்தண்டனை நின்றிருக்கும்." ஸ்பானியத்தில் இது 'எஸ்துவியேரா', 'சுஸ்பெந்தியேரா' என்ற இரண்டு வினைகளில் இயைந்து முடியும் இரட்டை. இரண்டும் நடக்காததைச் சொல்லும் வினைவடிவங்கள். செய்யுளை முடித்துவைக்க வேண்டிய இயைபு முழுவதும் நடக்காத ஒன்றின்மேல் நிற்கிறது. தமிழில் "இருந்திருந்தால்... நின்றிருக்கும்" என்று அந்த நடக்காமையைத் தவறாமல் காட்டலாம். "நான் இருந்தால் நிறுத்துவேன்" என்று எளிமையாக்கினால் எல்லாம் போயிற்று.

செய்யுள் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு செய்யுளுக்கு எட்டு வரி, வரிக்குப் பதினோரு அசை, ஆக 88. ஈற்றியைபு முதல் ஆறு வரியில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும். கடைசி இரண்டும் தம்முள் இயையும். (இங்கே அசை என்பது நம் நேர், நிரை இல்லை, உயிரொலிக் கணக்கு.) எண்ணும்போது மாணவர் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. சொல்லின் ஈற்றுயிரும் அடுத்த சொல்லின் முதலுயிரும் சேர்ந்து ஒரே அசையாகும். "அகீ ல்யெகோ, தோந்தே ஓத்ரோ நோ ஆ ல்யெகாதோ" என்ற வரியைப் பிரித்துப் பிரித்து எண்ணினால் 13 வரும். 'தோந்தே ஓத்ரோ' சேருமிடத்தில் ஒன்று, 'நோ ஆ' சேருமிடத்தில் ஒன்று கழிந்து 11. "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்" என்று படித்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அந்த வரி 36ஆம் படலத்துச் செய்யுள் ஒன்றின் முதல் வரி. தென்கோடியில் சிலோயே தீவுக் கடற்பகுதியை எட்டிய எர்சில்யா, ஒரு மரத்தின் பட்டையில் கத்தியால் செதுக்கியதாகச் சொல்லும் செய்யுள். பொருளை உரைநடையில் தருகிறோம்: "வேறெவரும் வந்தடையாத இவ்விடத்துக்கு தோன் அலோன்சோ தே எர்சில்யா வந்தடைந்தான், அடிப்பாரம் ஏற்றாத ஒரு சிறு படகில், பத்தே பேருடன், நீர்வழியைக் கடந்த முதல் ஆள் அவனே, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டு பிறந்து, பிப்ரவரியின் கடைசி நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு, விட்டுவந்த கூட்டத்திடம் திரும்பும் வேளையில்." ஆண்டு, மாதம், நாள், மணி, ஆள் எண்ணிக்கை, படகின் நிலை என்று எல்லாவற்றையும் 88 அசைக்குள் இயைபு தவறாமல் அடைத்திருக்கிறார். மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு இந்தக் கல்வெட்டுத் தொனி புதிதில்லை. மொழிபெயர்ப்பவர் "ஒரு மாசி மாதப் பிற்பகலில்" என்று கவித்துவம் கூட்டிவிடக் கூடாது. இதன் அழகே அந்த வறட்சிதான்.

எங்கள் பரிந்துரை: முழுநூலைச் செய்யுளாகத் தரும் முயற்சி வேண்டாம். எட்டு வரியையும் எட்டு வரியாகவே, இயைபுக் கட்டாயம் இல்லாமல், வரிக்கு வரி தாருங்கள். முடிப்பு இரட்டைகளுக்கு மட்டும் எதுகை முயலலாம். பாடநூலுக்கு 200 செய்யுள் போதும். முதல் படலத்தின் தொடக்கமும் நாட்டு வருணனையும், இரண்டாம் படலத்தில் மரத்தண்டைத் தோளில் தாங்கித் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் போட்டியும் கொலொகொலோ கிழவரின் உரையும், மூன்றில் வால்திவியாவின் வீழ்ச்சி, 14இல் லௌத்தாரோ, 20, 21, 22, 33, 34இல் மேலே சொன்ன காட்சிகள், 36இல் மரச்செய்யுள், 37இன் கடைசிச் செய்யுட்கள். ஒவ்வொரு படலத்தின் தலையிலும் வரும் அறவுரைச் செய்யுட்களை "கதைக்குத் தேவையில்லை" என்று வெட்டுவது சுருக்குவோரின் வழக்கம். வெட்டாதீர்கள். மூன்றாம் படலம் பேராசையைத் திட்டித்தான் தொடங்குகிறது; வால்திவியாவின் சாவை அந்தத் திட்டோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 32 இரக்கத்தைப் புகழ்ந்து தொடங்குகிறது. கழுமரத்துக்கு இரண்டு படலம் முன்னால் அந்தப் புகழ்ச்சி நிற்பதைக் கவனியுங்கள். 24ஆம் படலத்தில் மந்திரவாதி ஃபித்தோனின் உருண்டைக்குள் 1571இன் லெபாந்தோ கடற்போர் தெரிகிறது. கதை நடப்பதோ 1557இல். அது காலப்பிழை இல்லை, வருங்காலத்தை முன்கூட்டிக் காட்டும் பழைய காப்பிய உத்தி. பத்துச் செய்யுள் காட்டினால் போதும். முழுப்படலமும் படித்தால் வகுப்பு தூங்கிவிடும்.

பெயர்களுக்கு, வேலையைத் தொடங்குமுன் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வழியாக வரும் பெயர்கள் கண்டபடி உருமாறும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் கபோலிகன், மறு பக்கத்தில் காப்போலிக்கான் ஆகிவிடுவான். இரண்டாம் படலத்தில் தலைவர்கள் கூடும் இடத்தில் மட்டும் பதினைந்துக்கு மேல் பெயர். அவற்றில் புரேன், அங்கோல், தோமே போன்றவை இன்றும் சிலி வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள். கொலொகொலோ 1925இல் சந்தியாகோவில் தொடங்கிய கால்பந்துக் கழகத்தின் பெயர். லௌத்தாரோ என்ற பெயரையோ, அர்ஜென்டினாவின் லௌத்தாரோ மார்த்தினேஸ் ஆடுவதால், கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. "அரௌகானியர்" என்பது ஸ்பானியர் வைத்த பெயர். இன்று அம்மக்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது மாபுச்சே, நிலத்தின் மக்கள் என்று பொருள். காப்பியத்தைப் பற்றி எழுதும்போது முதல் பெயர், மக்களைப் பற்றி எழுதும்போது இரண்டாம் பெயர் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது.

இனி "வென்ற" என்ற சொல்லுக்கு வருவோம். முதல் செய்யுளில் எர்சில்யா, அடங்காத அரௌகோவின் பிடரியில் வாளால் கடும் நுகத்தடி வைத்த ஸ்பானியரைப் பாடுவதாகச் சொல்கிறார். அந்த நுகம் நிலைக்கவில்லை. ஆளுநர் கார்சியாவுக்கும் எர்சில்யாவுக்கும் ஆகாமல் போன கதை இங்கே அவசியம். 1558இல் இன்னொரு வீரனோடு வாள் உருவிய தகராறுக்காக எர்சில்யாவின் தலையை வெட்ட உத்தரவாகி, கடைசி நேரத்தில் தண்டனை குறைந்தது. காப்பியத்தில் கார்சியா "அவசரக்கார இளந்தலைவன்" ஆனதும் ஓரமாக ஒதுங்கிப்போனதும் அதன் விளைவு என்றே பலரும் படிக்கிறார்கள். பின்னாளில் பெரு நாட்டின் அரசப் பிரதிநிதியாக உயர்ந்த கார்சியா சும்மா இருக்கவில்லை. சிலியிலேயே, அங்கோலில், 1570இல் பிறந்த பேத்ரோ தே ஓன்யாவைக் கொண்டு பதில் காப்பியம் எழுதவைத்தார். 19 படலம், 1596இல் லீமாவில் அச்சு. எர்சில்யா "அடங்காத அரௌகோ" என்றதற்கு மறுமொழிபோல் அதன் தலைப்பு "அடக்கப்பட்ட அரௌகோ". இரண்டே ஆண்டு. 1598 டிசம்பரில் குரலாபாவில் மாபுச்சே படை ஆளுநரையே கொன்றது. அதைத் தொடர்ந்து பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே ஸ்பானிய நகரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1641இல் கில்லீன் உடன்படிக்கையில் அந்த ஆறே எல்லையானது. எர்சில்யாவைக் கற்பிப்பவர் ஓன்யாவிலிருந்து முப்பது செய்யுளாவது கூடவே வைக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். காசு கொடுத்து எழுதவைத்த காப்பியம் எப்படி ஒலிக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எர்சில்யாவின் தடுமாற்றங்களுக்கு மதிப்பு தெரியும். ஓன்யா இயைபு வரிசையைக்கூட மாற்றிக்கொண்டார் என்பது ஆர்வமுள்ள மாணவருக்கு நல்ல பயிற்சி.

இலக்கிய வரலாற்றில் இதை எங்கே வைப்பது? ஸ்பானியப் பொற்காலத்திலா, சிலி இலக்கியத்தின் தொடக்கத்திலா? இரண்டிலும் வையுங்கள், ஆனால் யார் எப்போது அங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதையும் எழுதுங்கள். செர்வாந்தேஸ் 1605இல் தோன் கிகோத்தேயின் ஆறாம் அத்தியாயத்தில், நூல்கள் நெருப்புக்குப் போகும்போது, இதைக் காப்பாற்ற வேண்டிய மூன்று வீரகாவியங்களில் ஒன்றாகப் பாதிரியார் வாயால் சொல்லவைக்கிறார். வோல்தேர் கொலொகொலோவின் உரையை ஹோமரின் நெஸ்தோர் உரைக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, மீதிக் காப்பியத்தைக் கீழே போட்டார். 1841இல் அறிஞர் ஆந்த்ரேஸ் பேல்யோ, ரோமின் தோற்றத்தைப் பாடிய வெர்ஜிலின் காப்பியத்தை நினைவில் வைத்து, இதைச் "சிலியின் ஈனியாத்" என்றார். புதிய குடியரசுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. அதே குடியரசு 1861 தொடங்கி 1883க்குள் மாபுச்சே நிலத்தைப் படை கொண்டு பிடித்தது. பள்ளியில் கௌபோலிகானைப் போற்றிக்கொண்டே அவன் வழிவந்தவர்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்த வரிகளை விட்டுவிட்டு எழுதப்படும் எந்தக் குறிப்பும், அது எவ்வளவு நீளமானாலும், அரைகுறைதான்.

கடைசியாக 37ஆம் படலம். போர்த்துகல் அரியணையின்மேல் பிலிப்புக்கு உள்ள உரிமையைப் பற்றிய படலம், சிலியே இல்லை. சுருக்குவோர் முதலில் கைவைப்பது இதில்தான். உரிமை வாதத்தை வெட்டுங்கள், குறையில்லை. முடிவுச் செய்யுட்களை மட்டும் விட்டுவையுங்கள். அங்கே எர்சில்யா தம் பிழையை உணர்ந்ததாகவும், இனி அழுவதே தகும், பாடுவது தகாது என்றும் சொல்லி நிறுத்துகிறார். ஸ்பானிய மூலத்தில் காப்பியத்தின் கடைசிச் சொல் 'காந்தே'. பாடு என்ற வினையின் வடிவம். முதல் செய்யுளின் இரண்டாம் வரியில், "பெண்களையும் காதலையும் காதல் வீரரின் நயங்களையும் நான் பாடவில்லை" என்னும் இடத்தில் வரும் 'காந்தோ'வும் அதே வினைதான். எனவே மொழிபெயர்ப்பாளர் முதல் செய்யுளில் எந்த வினையை எழுதுகிறாரோ அதையே கடைசியிலும் எழுத வேண்டும். அங்கே "பாடவில்லை" என்றால் இங்கேயும் "பாடு"தான். நடைக்காக "இசைக்க" என்றோ "புனைய" என்றோ மாற்றினால், 37 படலம் தாண்டி வந்து மூடும் கதவு மூடாது. மெய்ப்புப் பார்ப்பவரிடம் இந்த இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்பானிய இலக்கியம் கற்பிப்போரும் தமிழில் மொழிபெயர்ப்போரும்